கேசட்டில் புரோகிராம் சேமிப்பது எப்படி: பழைய கம்ப்யூட்டரோடு புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

பழைய கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டால் திரையில் எழுத்து வருகிறது. பேசிக் மொழியில் நாலு வரி எழுதினால் ஓடவும் செய்கிறது. சுவிட்சை அணைத்ததும் எழுதியது அத்தனையும் போய்விடுகிறது. அதில் ஹார்டு டிஸ்க் கிடையாது, ஃபிளாப்பி டிரைவும் பெரும்பாலும் இருக்காது. பின்பக்கம் இரண்டு சின்னத் துளைகள் மட்டும் இருக்கும். அந்தத் துளைகள் வழியாகப் புரோகிராமை ஒலியாக வெளியே எடுத்து, சாதாரணக் கேசட்டில் பதிந்து, திரும்ப உள்ளே கொண்டுபோவது எப்படி என்று இங்கே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு 1982-இல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தை வைத்துக்கொள்கிறேன். நான் அதிகம் பழகியது அதனோடுதான். மற்ற கம்ப்யூட்டர்களில் கட்டளையின் பெயர் மாறும், இணைப்பு மாறும், வேலை ஒன்றுதான். வேறுபாடுகளைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

டேப்பில் பதிவது என்ன?

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 இரண்டும்தான். கேசட்டுக்குத் தெரிந்தது ஒலி. அதனால் 0-க்கு ஒரு சுருதி, 1-க்கு இன்னொரு சுருதி என்று வைத்துக்கொண்டார்கள். எந்தச் சுருதி, எவ்வளவு நேரம் என்பதை ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் தன்னிஷ்டத்துக்குச் செய்தார்கள். 1975 நவம்பரில் பைட் என்ற பத்திரிகை அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஒரு கூட்டம் நடத்தியது. அங்கே பேசி வகுத்த முறைக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. அதன்படி 0 என்றால் 1,200 ஹெர்ட்ஸில் 4 அலைகள், 1 என்றால் 2,400 ஹெர்ட்ஸில் 8 அலைகள். வேகம் நொடிக்கு 300 பிட். ஒரு 0 அல்லது ஒரு 1 என்பது ஒரு பிட், எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒவ்வொரு பைட்டின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டக் கூடுதலாகச் சில பிட்கள் சேர்வதால் ஒரு பைட்டுக்கு 11 பிட் ஆகிவிடும். ஆகவே நொடிக்கு 27 பைட்தான் போகும். 4 கிலோபைட் புரோகிராம் ஏற இரண்டரை நிமிடம். 1981-இல் வந்த பிபிசி மைக்ரோவும், பிறகு எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டர்களும் இதே இரண்டு சுருதிகளை வைத்துக்கொண்டு, அலைகளின் எண்ணிக்கையைக் கால்வாசியாகக் குறைத்து 1,200 பிட் வேகத்துக்குப் போயின.

ஸ்பெக்ட்ரத்தின் வழி வேறு. 0-க்கு ஒரு குட்டை அலை. 1-க்கு அதைப்போல இரண்டு மடங்கு நீளமான ஓர் அலை. கணக்குப் போட்டால் முதலாவது சுமார் 2,047 ஹெர்ட்ஸ், இரண்டாவது சுமார் 1,023 ஹெர்ட்ஸ். 1-கள் அதிகமுள்ள புரோகிராம் ஏற அதிக நேரமும், 0-க்கள் அதிகமுள்ளது குறைந்த நேரமும் பிடிக்கும். சராசரியாக நொடிக்கு 1,400 பிட் அளவில் ஓடும்.

கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. 2,047 ஹெர்ட்ஸ் அலை ஒன்று அதில் பிடிக்கும் இடம் 23 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தலைமுடி இதைவிடத் தடிமன். நாடாவில் ஒரு மில்லிமீட்டர் கசங்கினால் நாற்பது பிட் வரை போய்விடும். பாட்டில் அந்த இடம் வந்து போனதே தெரியாது. புரோகிராமில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் மொத்தமும் வீண். துடைப்பது, திருகுவது, சரிபார்ப்பது என்று பின்னால் நான் வற்புறுத்தப் போகிற எல்லாவற்றுக்கும் காரணம் இந்த 23 மைக்ரான்தான்.

என்ன ரிக்கார்டர், என்ன கேசட்

விலையுயர்ந்த ஹை-ஃபை டெக் இருந்தால்தான் நன்றாகப் பதியும் என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு. எளிமையான மோனோ ரிக்கார்டர்தான் இதற்கு உத்தமம்: ஒரே ஸ்பீக்கர், பியானோக் கட்டைபோல வரிசையாகப் பட்டன்கள், பக்கவாட்டில் மைக், இயர்ஃபோன் துளைகள். அக்காலத்துக் கம்ப்யூட்டர்களை வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருந்ததும் அதைத்தான். காதுக்கு இனிமை சேர்க்க என்று டெக்குகளில் வைத்திருக்கும் டால்பி, இரைச்சல் குறைப்பான், ஈக்வலைசர் எல்லாம் அலையின் வடிவத்தை மாற்றுகிறவை. கம்ப்யூட்டருக்கு இனிமை தேவையில்லை, அலை எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்பது துல்லியமாகத் தெரிந்தால் போதும். டெக்தான் இருக்கிறது என்றால் டால்பியை அணைத்துவிடுங்கள். டிரெபிள் குமிழை உயர்த்தி, பேஸ் குமிழைத் தாழ்த்தி வையுங்கள்.

நாலு டிஜிட் கவுன்ட்டரோ மூன்று டிஜிட் கவுன்ட்டரோ ஏதாவது ஒன்று உள்ள ரிக்கார்டராகப் பாருங்கள். ஒரே கேசட்டில் எட்டுப் புரோகிராம் வைத்த பிறகு அதன் அருமை தெரியும்.

கேசட்டில் டைப் 1 என்று போட்டிருக்கும் சாதாரண ஃபெரிக் வகையே போதும். குரோம், மெட்டல் வகைகளை இந்தச் சின்ன ரிக்கார்டர்களால் முழுமையாகப் பதியவும் முடியாது, அழிக்கவும் முடியாது. நீளம் குறைவாக இருப்பது நல்லது. சி-60 வரை பரவாயில்லை. சி-90 நாடா மெல்லியது, சி-120 அதைவிட மெல்லியது, எளிதில் இழுபடும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கென்றே சி-15 விற்றார்கள், அதாவது ஒரு பக்கத்துக்கு ஏழரை நிமிடம். கிடைத்தால் விடாதீர்கள்.

முதலில் துடைக்க வேண்டும்

கதவைத் திறந்து பிளே பட்டனை அழுத்தினால் ஹெட் மேலே வரும். பளபளப்பான சின்னக் கட்டி அது. அதன் பக்கத்தில் சுழலும் மெல்லிய உலோகத் தண்டு கேப்ஸ்டன். அதோடு ஒட்டிச் சுழலும் ரப்பர் சக்கரம் பிஞ்ச் ரோலர். பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடையுங்கள். பஞ்சு பழுப்பாக வரும்; வெள்ளையாகவே வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ரப்பர் சக்கரத்துக்கு ஆல்கஹால் வேண்டாம், நாளடைவில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர விடுங்கள்.

பல ஆண்டு சும்மா கிடந்த ரிக்கார்டர் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். சில பெல்ட்டுகள் தார்போல உருகிக் கப்பியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சில வெறுமனே தளர்ந்திருக்கும். தளர்ந்த பெல்ட்டில் பாட்டுப் போட்டால் சுருதி லேசாக ஆடும். பியானோ இசை இருக்கிற கேசட் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். நீண்டு ஒலிக்கும் ஸ்வரம் நடுங்கினால் பெல்ட்டை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

இணைப்பது

ஸ்பெக்ட்ரத்தின் பின்பக்கம் இயர், மைக் என்று இரண்டு துளைகள், இரண்டும் 3.5 மில்லிமீட்டர். பெயர்கள் ரிக்கார்டரில் எழுதியிருப்பதற்கு ஒத்தவை: மைக்கை மைக்கோடு, இயரை இயரோடு இணைக்க வேண்டும். மைக் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டரிலிருந்து ஒலி வெளியே போகிறது, இயர் ஒயர் வழியாக உள்ளே வருகிறது. மோனோ முனை கொண்ட ஒயராக இருக்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு ஒயர் மட்டும் செருகுங்கள். பதியும்போது மைக் மட்டும், ஏற்றும்போது இயர் மட்டும். இரண்டும் செருகியிருந்தால் சில ரிக்கார்டர்களில் போன ஒலி சுற்றித் திரும்பி வந்து பதிவைக் கெடுத்துவிடும். நான் பழகிய புதிதில் இது தெரியாமல் ஒரு மாலை முழுக்கப் பதிந்த ஐந்து புரோகிராம்களையும் இழந்தேன். கேட்டால் ஒலி என்னவோ சரியாக இருப்பதுபோலத்தான் இருந்தது, ஒன்றுகூட ஏறவில்லை.

பதிவு

சோதனைக்கு இரண்டு வரிப் புரோகிராம் போதும். 10-ஆவது வரியில் உங்கள் பெயரைத் திரையில் காட்டச் சொல்லுங்கள், 20-ஆவது வரியில் மறுபடி 10-க்குப் போகச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்த்து நிறுத்திவிட்டு, இப்படிச் செய்யுங்கள்.

1. புதுக் கேசட்டைப் போட்டு நாடாவைச் சிறிது முன்னே ஓட்டுங்கள். ஆரம்பத்தில் சில நொடி தூரத்துக்கு நிறமில்லாத வெறும் பிளாஸ்டிக் இருக்கும்; அதில் எதுவும் பதியாது. பழுப்பு நாடா ஹெட்டுக்கு நேரே வரவேண்டும்.

2. கவுன்ட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். இயர் ஒயர் செருகியிருந்தால் உருவிவிடுங்கள்.

3. சேவ் கட்டளை கொடுத்து, மேற்கோள் குறிக்குள் பெயர் எழுதி என்டர் தட்டுங்கள். பெயர் பத்து எழுத்துக்குள் இருக்க வேண்டும். டேப்பை ஓட்டிவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தும்படி திரையில் வரும்.

4. ரிக்கார்டரில் ரிக்கார்டு, பிளே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் விசையைத் தட்டுங்கள். மோட்டார் சீரான வேகத்துக்கு வர அந்த அவகாசம் தேவை.

5. திரையின் ஓரத்தில் வண்ணக் கோடுகள் ஓடும். முடிந்து, கீழே சரி என்ற பொருளில் செய்தி வந்ததும் இன்னும் இரண்டு நொடி விட்டுத் டேப்பை நிறுத்துங்கள்.

செய்தி சரி என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஒலியை அனுப்பி முடித்தாயிற்று என்பது மட்டும்தான் அதன் பொருள். அந்தப் பக்கம் ரிக்கார்டர் இருந்ததா, கேசட் இருந்ததா என்பதுகூடக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒயரையே செருகாமல் பதிந்தாலும் இதே செய்திதான் வரும்.

சரிபார்ப்பு

பதிந்தவுடன், கம்ப்யூட்டரை அணைக்கும் முன், நினைவகத்தில் புரோகிராம் பத்திரமாக இருக்கும்போதே சரிபார்க்க வேண்டும். ரீவைண்ட் செய்யுங்கள். மைக் ஒயரை உருவி இயர் ஒயரைச் செருகுங்கள். வால்யூம் முக்கால் பங்கில் இருக்கட்டும். வெரிஃபை கட்டளையும் அதே பெயரும் கொடுத்து, பிளே அழுத்துங்கள். கம்ப்யூட்டர் டேப்பிலிருந்து வருவதை நினைவகத்தில் இருப்பதோடு பைட் பைட்டாக ஒப்பிடும். முதலில் பெயர் திரையில் வரவேண்டும், பிறகு பிழையின்றி முடியவேண்டும். பெயரே வரவில்லை என்றால் வால்யூம் போதவில்லை, அல்லது பதியவே இல்லை. பெயர் வந்து, நடுவில் டேப் பிழை என்று நின்றால் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ மறுபடி பாருங்கள்.

வெரிஃபை தேறாத பதிவைப் பதிவென்றே நான் எண்ணுவதில்லை. தேறிய பிறகு அதே புரோகிராமை அதே கேசட்டில் தொடர்ந்து இரண்டாம் முறையும், வேறொரு கேசட்டில் மூன்றாம் முறையும் பதிந்துவிடுவேன். இரண்டு வரிச் சோதனைக்கு இது அதிகம்தான். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியதற்கு இது அதிகமில்லை.

சரியான வால்யூம் கிடைத்ததும் குமிழுக்கு அருகே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ரிக்கார்டருக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கும் பொருந்துகிற இடம் அது. அநேகமாக எப்போதும் அங்கேதான் இருக்கும்.

ஏற்றுவதற்கு லோட் கட்டளை. மேற்கோள் குறிகளுக்குள் ஒன்றும் எழுதாமல் விட்டால் முதலில் வரும் புரோகிராமை எடுத்துக்கொள்ளும். பெயர் எழுதினால் அது வரும்வரை மற்றவற்றின் பெயரைக் காட்டிக்கொண்டே தாண்டிப் போகும்.

காதால் படிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இயர் ஒயரை உருவிவிட்டு ஸ்பீக்கரில் ஒரு ஸ்பெக்ட்ரம் கேசட்டைக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஐந்து நொடி ஒரே சுருதியில் நீளமான கூவல், சுமார் 807 ஹெர்ட்ஸ். இதற்குப் பைலட் டோன் என்று பெயர். நான் வருகிறேன், தயாராக இரு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒலி. அதன் முடிவில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு கரகரப்பு. அந்தச் சின்னக் கரகரப்புக்குள் புரோகிராமின் பெயர், வகை, நீளம் எல்லாம் 17 பைட்டில் அடங்கியிருக்கின்றன. பிறகு ஒரு நொடி மௌனம். மறுபடி கூவல், இந்த முறை இரண்டே நொடி. அதற்கப்புறம் நிற்காமல் ஓடும் கரகரப்புதான் புரோகிராம்.

திரையின் ஓரமும் இதையே வண்ணத்தில் சொல்லும். கூவலின்போது சிவப்பும் இளநீலமுமாகத் தடித்த கோடுகள் மெதுவாக நகரும். புரோகிராம் வரும்போது நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள் துடிக்கும். கோடுகள் அகலமும் ஒடுக்கமுமாக மாறிக்கொண்டே இருப்பது 1-களும் 0-க்களும் ஓடுவதுதான்.

திரையை நிரப்பும் படம் ஒன்று டேப்பிலிருந்து ஏறுவதை ஒரு முறையாவது உட்கார்ந்து பாருங்கள். 6,912 பைட், ஏறக்குறைய நாற்பது நொடி. திரை மூன்று பாகமாகப் பிரிந்து, மேல் பாகம் முதலில் நிரம்பும். அதுவும் வரிசையாக அல்ல. எட்டு வரிக்கு ஒரு வரியாக இடைவெளி விட்டுவிட்டு வந்து, மீண்டும் மேலிருந்து அடுத்த வரிகள் வந்து இட்டு நிரப்பும். மூன்று பாகமும் கறுப்பு வெள்ளையில் முடிந்த பிறகு, கடைசி நாலைந்து நொடியில் வண்ணம் மேலிருந்து கீழாகப் பூசிக்கொண்டு இறங்கும். கோலத்துக்குக் கடைசியில் பொடி தூவுவதுபோல இருக்கும்.

காது பழகிவிட்டால் கோளாறு எங்கே என்று கேட்டே சொல்லிவிடலாம். கூவல் கணீரென்று இல்லாமல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாகக் கேட்டால் ஹெட் அழுக்கு, அல்லது சாய்ந்திருக்கிறது. கூவலில் நடுக்கம் இருந்தால் பெல்ட் அல்லது ரப்பர் சக்கரம். நடுவில் ஒலி ஒரு கணம் தேய்ந்து மீண்டால் நாடாவில் அந்த இடம் பழுது. அதே இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பிழை வரும். பிழை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்தால் கேசட்டைக் குற்றம் சொல்லாதீர்கள், வால்யூமையும் ஒயரையும் பாருங்கள். கூவலுக்குப் பின்னணியில் தடித்த ரீங்காரம் கேட்டால், ரிக்கார்டரைத் தொலைக்காட்சிக்கும் பவர் சப்ளைக்கும் பக்கத்திலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள்; பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

ஹெட்டின் சாய்வு

உங்கள் ரிக்கார்டரில் பதிந்தது உங்களிடம் ஏறும், அடுத்தவர் பதிந்து கொடுத்தது ஏறாது. இந்த நிலைமைக்குப் பத்தில் எட்டு முறை காரணம் ஹெட்டின் சாய்வு. அஸிமத் என்பார்கள். ஹெட்டில் இருக்கும் நுண்ணிய பிளவு நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு இம்மி சாய்ந்தாலும் உயர்ந்த சுருதிகள் மங்கிவிடும். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் திருகு இருக்கும். அதுதான் சாய்வைத் திருத்துகிறது. பல ரிக்கார்டர்களில், பிளே அழுத்தியிருக்கும்போது அந்தத் திருகை எட்டுவதற்கென்றே மூடியில் ஒரு துளை வைத்திருப்பார்கள்.

ஏறாத கேசட்டைப் போட்டு ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள். காந்தமில்லாத மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் திருகை எட்டில் ஒரு சுற்று இந்தப் பக்கம் திருப்பிக் கேளுங்கள், பிறகு அந்தப் பக்கம். கரகரப்பு எந்த நிலையில் மிகக் கூர்மையாக, காதைக் குத்துகிற மாதிரி கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். திருப்பும் முன்பு திருகு இருந்த நிலையைக் குறித்துக்கொள்வது கட்டாயம். அந்தக் கேசட் ஏறியதும் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும்; இல்லையென்றால் நீங்கள் பதிந்தவை எல்லாம் உங்களிடமே ஏறாமல் போகும். இன்னொன்று, துடைக்காமல் திருகில் கை வைக்காதீர்கள். அழுக்கு ஹெட்டும் சாய்ந்த ஹெட்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

மற்ற கம்ப்யூட்டர்கள்

கமடோர் 64-க்குச் சாதாரண ரிக்கார்டரை நேரடியாக மாட்ட முடியாது. டேட்டாசெட் என்று அதற்கே ஒரு கருவி. மின்சாரத்தைக் கம்ப்யூட்டரிடமே வாங்கிக்கொள்ளும். வால்யூம் குமிழ் கிடையாது என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொன்றையும் தொடர்ந்து இரண்டு முறை பதிந்துவைக்கும், அதனால் நம்பகம் அதிகம், வேகம் மிகக் குறைவு. ஏறும்போது திரை வெறுமையாகிவிடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹெட்டின் சாய்வு விஷயம் அதற்கும் உண்டு.

பிபிசி மைக்ரோ புரோகிராமை 256 பைட் துண்டுகளாகப் பதிகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் எண் உண்டு. ஒரு துண்டில் பிழை வந்தால் டேப்பைக் கொஞ்சம் பின்னே ஓட்டி அந்தத் துண்டை மட்டும் மறுபடி படிக்க வைக்கலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மற்றவர்களும் இப்படிச் செய்திருக்கலாமே என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். டேப்பின் மோட்டாரையும் கம்ப்யூட்டரே ஓட்டி நிறுத்தும். டிஆர்எஸ்-80, எம்எஸ்எக்ஸ் இரண்டிலும் இந்த மோட்டார் வசதி உண்டு. அவற்றில் கட்டளைகள் சிசேவ், சிலோட். ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464-இல் டெக் உள்ளேயே இருக்கிறது, ஒயர் வேலையே இல்லை. 1977-இல் வந்த ஆப்பிள் 2-இல் மட்டும் காது பழகியவராக இருப்பது நல்லது. ஏறும்போது திரையில் எந்த அறிகுறியும் காட்டாது. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலும் கேசட் துளை இருந்தது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பழைய கேசட்டுகளைக் காப்பாற்றுவது

கம்ப்யூட்டரோடு ஒரு பெட்டி பழைய கேசட்டுகளும் வந்திருந்தால், தயவுசெய்து அவற்றை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்காதீர்கள். ஏதோ ஒரு கேசட்டில் யாரோ பள்ளி நாட்களில் எழுதிய, உலகத்தில் வேறெங்கும் இல்லாத புரோகிராம் இருக்கலாம். நாடா இன்னும் எத்தனை முறை ஓடும் என்று சொல்ல முடியாது. முதல் முறை பிளே செய்யும்போதே ஒலியை இன்றைய கம்ப்யூட்டரில் பிடித்துவிட வேண்டும்.

கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகளை முதலில் ஒடித்துவிடுங்கள். நீங்கள் பார்க்கும் பக்கத்துக்கு உரியது இடது மூலையில் இருப்பது. ஒடித்துவிட்டால் தவறி ரிக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அப்படியே ஓட்டினால் ஹெட்டுக்கும், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். பூஞ்சை இல்லையென்றால் ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திரும்ப ரீவைண்ட் செய்யுங்கள். பல ஆண்டு அசையாமல் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் இளகும்.

பிறகு ரிக்கார்டரின் இயர்ஃபோன் துளையிலிருந்து இன்றைய கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு ஒயர். ஆடாசிட்டி போன்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. எம்பி3 வேண்டவே வேண்டாம். மனிதக் காது கவனிக்காதவற்றைத் தூக்கி எறிந்துதான் அது கோப்பைச் சிறிதாக்குகிறது, இங்கே கேட்கப்போவது மனிதக் காது இல்லை. இரைச்சல் நீக்கவும் முயலாதீர்கள். அலையின் உச்சி வெட்டுப்படாத அளவுக்கு வால்யூமை வையுங்கள். ஸ்டீரியோ டெக்கில் எடுத்தால் இடது, வலது இரண்டையும் கலந்து மோனோவாக்காதீர்கள்: ஹெட் சற்றே சாய்ந்திருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று கரைத்துவிடும். இரண்டையும் தனித்தனியே கேட்டு, தெளிவாக இருக்கும் ஒன்றை மட்டும் எடுங்கள்.

வேவ் கோப்பிலிருந்து புரோகிராமை மட்டும் பிரித்தெடுத்துச் சிறிய கோப்பாக்கும் மென்பொருள்கள் உண்டு. ஸ்பெக்ட்ரத்துக்கு டிஇசட்எக்ஸ், பிபிசிக்கு யுஇஎஃப், எம்எஸ்எக்ஸுக்கு சிஏஎஸ் என்று வகைகள். அந்தக் கோப்பு, பழைய கம்ப்யூட்டர்போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருளிலும் ஓடும். அதற்காக வேவ் கோப்பை அழித்துவிடாதீர்கள். இன்று ஏறாத பதிவு நாளை வரும் நல்ல மென்பொருளில் ஏறலாம்.

பிடித்து வைத்த ஒலியைக் கைபேசியிலிருந்தே பழைய கம்ப்யூட்டருக்கு ஊட்டலாம். ஈக்வலைசரை அணைத்து, வால்யூமை முழுதும் வைத்து, விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுவில் ஒரு செய்தி வந்து டிங் என்றால் அந்த டிங்கும் புரோகிராமுக்குள் போய்விடும். புளூடூத் வேண்டாம், ஒயர்தான். பதிந்த அலை எதிர்த்துருவமாக, அதாவது மேல்கீழாகப் புரண்டு போனால் ஏற்க மறுக்கும் கம்ப்யூட்டரும் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் மென்பொருளில் அலையைத் தலைகீழாக்கி ஒரு முறை முயலுங்கள்.

ஒலியாக மட்டும் இருப்பதில் ஒரு பெரிய வசதியும் இருந்தது: வானொலியில் ஒலிபரப்பினார்கள். நெதர்லாந்தில் ஹாபிஸ்கோப் என்ற நிகழ்ச்சி, வெவ்வேறு கம்ப்யூட்டர்களிலும் ஓடக்கூடிய பேசிகோட் புரோகிராம்களை அனுப்பியது. 1983 முதல் பெல்கிரேடு வானொலியின் வென்டிலேட்டர் 202 நிகழ்ச்சியில் அதன் தொகுப்பாளர் ஸோரான் மோட்லி புரோகிராம்களை ஒலிபரப்பினார். கேட்டவர்கள் வீட்டில் கேசட்டில் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள்.

பெயர் எழுதி வைப்பது

கேசட்டின் அட்டையில் இதெல்லாம் இருக்கட்டும்: எந்தக் கம்ப்யூட்டர், புரோகிராமின் பெயர் எழுத்துப் பிசகாமல், கவுன்ட்டர் எண், தேதி, வெரிஃபை தேறியதா, எந்த ரிக்கார்டரில் பதிந்தது. கடைசியாகச் சொன்னது வீண் தகவல்போலத் தோன்றும். ஹெட்டின் சாய்வு தகராறு வரும் நாளில் முதலில் தேடப்போவது அதைத்தான். ஒவ்வொரு புரோகிராமுக்கும் நடுவே பத்து நொடி வெற்று நாடா விடுங்கள். அடுத்ததைப் பதியும்போது முந்தியதன் வால் அழியாது.

பதிந்த கேசட்டை முழுதும் ரீவைண்ட் செய்து, பெட்டியில் போட்டு, நிற்கவைத்து அடுக்குங்கள். ஸ்பீக்கர், மோட்டார், பழைய குழாய் தொலைக்காட்சி இவற்றின் மேலேயோ பக்கத்திலேயோ வேண்டாம், வெயிலும் ஈரமும் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து ஓட்டி, ஏறுகிறதா என்று பாருங்கள். கூவல் மங்கத் தொடங்கியது காதில் பட்டால் அன்றே புதுக் கேசட்டில் ஏற்றிப் பதிந்துவிடுங்கள். டேப்பிலிருந்து டேப்புக்கு ஒலியாக நகலெடுக்க வேண்டாம், ஒவ்வொரு நகலிலும் அலை மழுங்கும். கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, சேவ் கொடுத்து, வெரிஃபை பார்த்து எடுத்தால் நூறாவது நகலும் முதல் பதிவு மாதிரியே கணீரென்று இருக்கும்.